அழகிரி மாற்றிக் கட்டிய ரிப்பன்

என் அக்காள் வீட்டுக்காரர் அழகிரிக்குச் சந்தேகப்படாமல் ஒரு வாய் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை இந்த மூலையிலும் இன்னொன்றை அந்த மூலையிலும் விட்டுவிட்டுப் போவார். ஜோடியாகக் கிடந்தால்தானே திருடுவான் என்பார். திரும்பி வரும்போது ஒன்றைக் காணாமல் அரை மணி நேரம் தேடுவார், திட்டு அக்காளுக்கு விழும். உரக் கடையில் மூட்டை எடை போடும் முன் தராசில் தானே ஏறி நிற்பார். தன் எடையைச் சரியாகக் காட்டினால்தான் மூட்டையை ஏற்ற விடுவார்.

தொட்டியத்தில் அவர் வாழைத்தோட்டமும் என் தோட்டமும் ஒரே வாய்க்கால் பாசனம். அதனால் அவருடைய சந்தேகத்தில் பாதி என் தலையில்தான் விடியும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் புத்தி வந்ததற்குக் காரணம் உண்டு. இளவயதில் திருச்சி மண்டிக்கு அவர் வாழைத்தார் ஏற்றிப்போன நாட்களில், தரகரின் ஆள் ஒருவன் சுண்ணாம்பு டப்பாவோடு வருவான். நலம் விசாரித்துக்கொண்டே நல்ல தாராகப் பார்த்துக் காம்பில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவான். ஏலத்தில் கோடு போட்ட தாரெல்லாம் கழிவு என்று ஒதுங்கும். அதையெல்லாம் அடிமாட்டு விலைக்குத் தரகரே வாங்கிக்கொண்டார் என்பது அப்புறம்தான் தெரியும். அன்று முதல் தன் தாரில் அடுத்தவன் வைக்கிற அடையாளம் எதுவானாலும் அவருக்கு அது திருட்டு அடையாளம்.

போன வருஷம் வெளிநாட்டு முதலீட்டோடு ஒரு ஏற்றுமதிக் கம்பெனி எங்கள் பக்கம் வந்து பேக்கிங் ஷெட் கட்டியது. ஜி-9 வாழை போடுங்கள், காயைக் கப்பலில் வளைகுடாவுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். ஊரே போட்டது. அழகிரியும் பூவனை அழித்துவிட்டுப் போட்டார். போட்டுவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தார்.

தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள டெல்பின் என்ற பெண்ணை அனுப்பினார்கள். திருச்சி மேலப்புதூர்ப் பெண், விவசாயம் படித்தவள், முதல் வேலை. வாராவாரம் ஸ்கூட்டியில் வந்து, அந்த வாரம் பூ தள்ளிய மரங்களில் எல்லாம் ஒரே நிறத்தில் ரிப்பன் கட்டிவிட்டு, தாருக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டுப் போவாள்.

"எதுக்கும்மா இந்தக் கலர் கலரா?" என்று கேட்டார் அழகிரி.

"தாரோட வயசு தெரியறதுக்கு அங்கிள். சிவப்பு மூத்தது, அதை முதல்ல வெட்டணும். மஞ்சள் இளசு, சில வாரம் கழிச்சுத்தான். முத்தின சீப்பு ஒண்ணு பெட்டிக்குள்ள போனாப் போதும், கப்பல்லயே பக்கத்துக் காயையும் பழுக்க வச்சிரும்."

தலையை நன்றாக ஆட்டினார். அவள் ஸ்கூட்டி மறைந்ததும் என்னிடம் வந்தார்.

"மாப்ளே, சிவப்பு ரிப்பன் கட்டினது பூரா என் கொழுத்த தாரு. பாத்தியா? கழிக்கறதுக்கு இப்பவே குறி வச்சுட்டாங்க."

"மச்சான், அந்தப் பொண்ணு விளக்கமா சொல்லிட்டுப் போச்சே!"

"சுண்ணாம்பு டப்பாக்காரனும் விளக்கமாத்தான் பேசுவான்."

மறுநாள் மத்தியானம் தோட்டத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் காரியத்தை முடித்துவிட்டார். சிவப்பையெல்லாம் அவிழ்த்து மெலிந்த தார் மரங்களில் கட்டி, மஞ்சளைக் கொழுத்தவற்றுக்குப் போட்டுவிட்டார். கழிக்கிறவன் மெலிந்ததைக் கழிக்கட்டும் என்ற கணக்கு. என்னிடம்கூட மூச்சு விடவில்லை. தார் உறைக்குள் இருந்ததால் டெல்பினுக்கும் தெரியவில்லை.

சிவப்பு வெட்டுகிற நாள் வந்தது. ஷெட்டில் உறையைப் பிரித்துப் பார்த்தவர்கள், காய் தேறவில்லை என்று அவர் தார்களில் பாதியைக் கழித்தார்கள். வீட்டுக்குக் கழிவு திரும்பி வந்ததைப் பார்த்து அந்த மனுஷனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"சிவப்பைக் கழிச்சாங்களா இல்லையா? நான் மட்டும் மாத்திக் கட்டலைன்னா என் நல்ல தாரெல்லாம் போயிருக்கும்!"

அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். ரிப்பனைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கத்தியும் பார்த்தேன். நானும் கம்பெனியோடு சேர்ந்துவிட்டேனா என்று என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். டெல்பினிடம் சொல்லலாமென்றால் அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மஞ்சள் வெட்டுகிற நாளில், முற்றித் தெறிக்கிற நிலையில் இருந்த அவருடைய தார்கள், காய் இன்னும் பச்சையாக இருந்ததால், ரிப்பனை நம்பிப் பெட்டிக்குள் போயின.

கப்பல் போய்ச் சேர்ந்தபோது கண்டெய்னர் முழுக்கப் பழுத்து ஒழுகியிருந்தது. பெட்டி எண்ணைப் பார்த்து அது தொட்டியத்துக் காய் என்று கண்டுபிடித்தார்கள். எந்தத் தோட்டம் என்பது தெரியவில்லை, ஆனால் ரிப்பன் கட்டியது யார் என்பது தெரியும். தோட்டத்துக்குப் போகாமலே யாரையோ விட்டுப் பொய்யாக ரிப்பன் கட்டவைத்தாள் என்று, விசாரணை முடியும்வரை டெல்பினை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பொய்க்காரி என்ற பெயரோடு வெளியே போனால் இந்தத் தொழிலில் இனி ஒருவனும் அவளைச் சேர்க்கமாட்டான்.

"நாடகமா இருக்கும்" என்றார் அழகிரி முதலில். எனக்கு ரத்தம் கொதித்தது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கம்பெனி ஆபீஸ் கே.கே. நகர்ல எங்கன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றார்.

விசாரணைக்கு டெல்பினையும் அன்றுதான் வரச்சொல்லியிருந்தார்கள். எங்களை முதலில் உள்ளே விட்டார்கள். அழகிரி உட்காரக்கூட இல்லை. கைகட்டி நின்றபடி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் இவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதே இல்லை. மேனேஜர் பேனாவை மூடி வைத்தார்.

"டெல்பின் உங்களை இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்புச்சாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன். சத்தியமா நான்தான் செஞ்சேன்."

"தன் தாரைத் தானே கெடுத்துக்கிற விவசாயி எங்கயாவது இருப்பானா பெரியவரே? உங்களுக்கு என்ன தரேன்னாங்க?"

நான் சாட்சி சொன்னேன். மச்சினன்தானே என்றார். அதற்குமேல் எங்களை அங்கே நிற்க விடவில்லை.

வெளியே மாடிப்படி அருகே டெல்பின் நின்றிருந்தாள். அழகிரி நேரே அவளிடம் போனார்.

"நான்தாம்மா ரிப்பனை மாத்திக் கட்டினேன். உன்மேல சந்தேகப்பட்டுட்டேன். உள்ள சொல்லிட்டேன், நம்பமாட்டேங்கறாங்க."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். அறைவாளோ என்றுகூட நினைத்தேன்.

"எங்க தப்பா கட்டினேன்னு ஒவ்வொரு தோட்டமா நினைச்சு நினைச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன் அங்கிள். கடைசியில என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்திருச்சு. உங்க தோட்டத்தை மட்டும் நினைச்சுக்கூடப் பாக்கலை. எல்லாத்தையும் ரெண்டு தடவை சரிபாக்கிறவராச்சே, அங்க தப்பு நடந்திருக்காதுன்னு விட்டுட்டேன்."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அழகிரி படிக்கட்டில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதார்.