வரதன் அண்ணையின் மெட்டு

வரதன் அண்ணை போய்விட்டார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பாரிசில், ரூ லூயி-பிளாங்க் தெருவில், ஒரு கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். பதினொரு வருடம் அவரோடு ஒரே மேடையில் நின்று பாடியவன் நான். எனக்கு அது வேண்டியதுதான்.

லா சப்பலில் எங்கள் கலியாண வீட்டு இசைக்குழுவை அறிந்தவர்களுக்கு அவரையும் தெரியும். கிழமை நாட்களில் உணவகத்தில் கோப்பை கழுவுவார். சனிக்கிழமைகளில் எங்களோடு பேஸ் கிற்றார் வாசிப்பார். அவருக்கு உலகத்தில் இருந்தது ஒரேயொரு ஆங்கில ரொக் குழு. நாலு கூட்டாளிகள் ஒரு பழைய கராஜில் தொடங்கி, விளையாட்டரங்குகளை நிரப்பி, கடைசியில் வழக்கறிஞர்கள் மூலம் மட்டும் பேசிக்கொண்ட கதையை, புறநகரான பொபினியில் நடந்த எங்கள் ஒத்திகைகளில் அலுக்காமல் சொல்வார். "இண்டைக்கு எந்தக் குழுவைக் கேட்டாலும் அதுக்குள்ளை அவங்கள் இருக்கிறாங்கள்" என்பார்.

யார் எழுதினாலும் பாட்டுக்கு நாலு பேரின் பெயரையும் போடுவது அந்த ஆங்கிலக் குழுவின் வழக்கம். "அவங்கள் குடியாலை உடையேல்லை, ஐசே. பாடினவன் ஒருநாள் தன்ரை பேரை மட்டும் போட்டான். அண்டைக்கே எல்லாம் முடிஞ்சுது" என்பார் அண்ணை. எங்கள் ஒரே இறுவட்டிலும் எல்லாப் பாட்டுக்கும் எங்கள் நாலு பேரின் பெயர்களைத்தான் போட்டோம்.

அதில் ஒரு பாட்டு கலியாண மண்டபங்களில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஒரு தமிழ் வானொலிக்காரர் அண்ணையையும் என்னையும் பேட்டிக்கு அழைத்தார். "மெட்டுப் போட்டது ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

வாய் தவறிவிட்டது என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பாராட்டுக்கு ஆசைப்பட்டுச் சொன்னேன். சொற்கள் மட்டுமே என்னுடையவை. மெட்டு, கார் து நோரில் ரயிலுக்காக நின்றபோது அண்ணை முணுமுணுத்தது.

வானொலிக்காரர் அவரைப் பார்த்தார். "ஓம், அவர்தான்" என்றார் அண்ணை. அதற்குப் பிறகு அவர் ஒத்திகைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வந்தால் மற்றவர்கள் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

அண்ணையின் இறுதி நிகழ்வில் என் பெயரை அறிவித்து, அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். தயங்கி நின்றேன். அண்ணையின் மனைவி கிட்ட வந்தார்.

"பாடுங்கோ தம்பி. வீட்டிலை அதைத்தான் வாசிச்சுக்கொண்டு இருப்பார். உங்கடை மெட்டு எண்டுதான் பிள்ளையளுக்கும் சொன்னவர்."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. பாடிவிட்டு வந்தேன்.

அண்ணையின் பிள்ளைகளே, அந்த மெட்டு உங்கள் அப்பாவுடையது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அவர் அதை எனக்குத் தரவில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.