நெடுங்கல் மலைக்கு ஏறின அரிசி

வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டு மேஸ்திரி ராசுவைத் தெரியாதவன் எவனாவது இருந்தால் அவன் வெளியூர்க்காரன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மீசை முளைக்கும் முன்னாலேயே கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றியவர். இன்றைக்கு அவர் ஒரு குரல் கொடுத்தால் இரண்டு லாரிக்கு ஆள் வந்து நிற்கும். போன வருசம் சொந்தமாக ஒரு காணி நிலமும் வாங்கிவிட்டார். அப்பன் பாட்டன் விட்டுப்போன சொத்தென்று எவனும் வாய் திறக்க முடியாது. உச்சந்தலை மயிர் தேய்ந்து வாங்கின நிலம். அதில் முதல் போகம் நெல் அறுத்த அன்றைக்கே மனுசன் தெருவில் நின்று அறிவித்துவிட்டார்.

"இந்த வருசம் மலைக்கு நம்ம அரிசிதான் போவுது!"

கல்வராயன் மலையில் நெடுங்கல் மலை என்று ஒரு உச்சி. மாசிப் பௌர்ணமிக்குக் கீழ்நாட்டுச் சனமும் மலைச் சனமும் சேர்ந்து அதைச் சுற்றுவார்கள். உச்சியில் நிற்கிற ஆளுயரக் கல்தான் சாமி. மலையை வலக்கைப் பக்கமாக வைத்துச் சுற்றி வந்து, பின்பக்கச் சரிவில் ஏறினால் மேலே பொங்கல். அதற்கு அரிசி கீழ்நாட்டில் ஒருத்தர் வயலில் விளைந்ததாக இருக்க வேண்டும். அடிவாரத்தில் தலைக்கு ஏறின அரிசிச் சிப்பம் உச்சிவரைக்கும் தரையில் படக் கூடாது. பட்டால் சாமிக்கு ஆகாது, உலை சும்மா கொதிக்கும், வந்த சனம் மொத்தமும் பட்டினியாக இறங்க வேண்டியதுதான். தலை மாற்றிக்கொள்ளலாம், குற்றமில்லை. போய்ச் சேர்ந்ததும் அரிசிக்குச் சொந்தக்காரர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார்.

ராசு அந்த மலைக்கு இளவயசிலேயே அரிசி சுமந்தவர்தான். கூலிக்குச் சுமந்தார். இவர் முன்னால் வேர்வை ஒழுகப் போவார், நிலக்காரர் துண்டால் விசிறிக்கொண்டு பின்னால் வருவார். பரிவட்டம் நிலக்காரர் தலைக்கு ஏறும். அந்தக் காந்தல் உள்ளே இருந்ததால் இந்தத் தடவை ரிஷிவந்தியம் வரைக்கும் சொல்லிவைத்தார். "என் நெலம், என் அரிசி, என் தலை. நடுவுல வேற தலைக்கு மாத்துனா அந்தத் துணிய நான் கட்டிக்க மாட்டேன்."

அடிவாரத்தில் சிப்பத்தைத் தூக்கிவிட்டவள் அவர் பெண்சாதி குஞ்சம்மாள். கரும்புக் காட்டிலும் அவர்கள் ஜோடிதான். அவர் வெட்டுவார், அவள் கட்டுக் கட்டித் தலைக்கு ஏற்றிவிடுவாள்.

குஞ்சம்மாளின் தம்பி அன்புச்செல்வன் தியாகதுருகத்திலிருந்து வந்திருந்தான். செல்போனில் படம் பிடித்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, வயசு அறுவது தாண்டிடுச்சி. ஜீப்பு சொல்லிடட்டா?"

"டேய் மச்சான், ஒன் போனக் கீழ போடாம தூக்கிக்கினு வா. அதுவே ஒனக்கு ஜாஸ்தி."

சொல்லிவிட்டு ராசு பிடித்தார் ஓட்டம். அங்கேதான் தப்புப் பண்ணினார். கரும்புக் கட்டோடு லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறுகிறவன் நடக்க மாட்டான், ஓட்டமாகத்தான் ஏறுவான். நின்றால் பலகை ஆடும். அந்தப் பழக்கத்தில் கிளம்பிவிட்டார்.

பூசாரி வேடியப்பன் மலைக்காரர். குறுக்குப் பாதையில் முன்னால் போய் உலை வைக்கப் புறப்பட்டவர் சிரித்தார். "மேஸ்திரி, மலை எங்கியும் ஓடிப்போவாது. மெதுவா வாங்க."

"நீங்க ஒல வையுங்க பூசாரி. தண்ணி கொதிக்கறதுக்குள்ள அரிசி வந்து நிக்கும்!"

மரவள்ளிக் காட்டைத் தாண்டும்வரை அதே ஓட்டம். ஓடையைத் தாண்டியும் குறையில்லை. பின்பக்கச் சரிவு வந்ததும்தான் சங்கதி தெரிந்தது. லாரிப் பலகை பத்து எட்டில் முடிந்துவிடும், கட்டைத் தள்ளிவிட்டு இறங்கிவிடலாம். இது முடிகிற வழியாக இல்லை. ஒரு பாறையில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"இன்னா மாமா, நின்னுட்ட?" குஞ்சம்மாள் வந்துவிட்டாள். களை எடுக்கிற அதே நிதானத்தில்தான் அவ்வளவு தூரமும் வந்திருந்தாள்.

"நிக்கல. காத்து வாங்கறேன்."

"காத்து வாங்கறதுக்கு காலு ஏன் இந்த ஆட்டம் ஆடுது? குடு இங்க."

"வாணாம். ஊருக்கே சொல்லிட்டேன்."

"ஊருக்குச் சொன்ன. எங்கிட்டக் கேட்டியா? நாத்து நட்டது யாரு, களை பறிச்சது யாரு? மைக்கு இல்லாத கொறையா, என் அரிசி என் அரிசின்னு கத்திக்கினு திரிஞ்ச."

மேலேயிருந்து விறகுப் புகை வாசனை வந்தது. உலை கொதித்திருக்கும், பிள்ளைகுட்டிகள் பசியோடு உட்கார்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்துச் சும்மாட்டுத் துணி நழுவ, சிப்பம் ஒருபக்கம் சாய்ந்தது. குஞ்சம்மாள் சட்டென்று கீழே கை கொடுத்தாள். பரிவட்டம் போனால் போகிறது, அரிசி மண்ணில் விழக் கூடாது. ராசு முழங்காலை மடக்கினார். சிப்பம் அவள் தலைக்கு மாறியது.

அவள் முன்னால் ஏறினாள். தலை பாரம் இறங்கின சுகத்தில் ராசு துண்டை எடுத்து விசிறிக்கொண்டே பின்னால் போனார். நாலு எட்டு போனதும் கை நின்றுவிட்டது. அந்தக் காலத்து நிலக்காரர் இப்படித்தான் வந்தார், அச்சு அசலாக! துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடிப்போய் அவள் காலுக்கு முன்னால் கிடந்த முள்ளை ஒதுக்கினார்.

உச்சியில் பறை அதிர்ந்தது. சிப்பத்தை இறக்கி அரிசியை உலையில் போட்ட வேடியப்பன், பரிவட்டத் துணியோடு ராசுவிடம் வந்தார்.

"அரிசிக்காரரே, குனியுங்க."

அன்புச்செல்வன் போனை நீட்டினான். "மாமா, ஊருக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்களே…"

"எனக்கு ஞாவகம் இருக்குடா. பூசாரி, சொமந்த தலை அங்க நிக்குது பாருங்க."

"பொம்பளைக்குக் கட்டுன வழக்கம் இல்லீங்களே."

"அரிசிக்குச் சொந்தக்காரருக்குத்தான வழக்கம்? நட்டவ அவ, பறிச்சவ அவ, மலைக்குக் கொண்டாந்தவளும் அவ. இன்னும் இன்னா வோணும்?"

வேடியப்பன் தலையைச் சொறிந்தார். திரும்பி நெடுங்கல்லைப் பார்த்தார். "கல்லு ஒன்னும் சொல்லல" என்று சிரித்துக்கொண்டே துணியைக் குஞ்சம்மாள் தலையில் சுற்றினார்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க பூசாரி, அவுந்துடப் போவுது" என்றாள் அவள்.

ராசு நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியாடா மச்சான்! இந்தச் சுத்துப்பட்டுல பரிவட்டம் கட்டுன பொம்பளைக்குப் புருசன் நான் ஒருத்தன்தான்."

"இது வேறயா!" என்றான் அன்புச்செல்வன்.

"பெருமைய அப்பறம் அளக்கலாம், வந்து எலையப் போடு மாமா" என்றாள் குஞ்சம்மாள்.

ராசு இலை போட்டார். ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, உட்கார்ந்திருந்தவரிடம் அந்தப் புருசன் பெருமையை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.