கூலிங் டவருக்குச் செதிள் எடுத்த நாள்

சோவென்று தண்ணீர் கொட்டும் சத்தம்... பக்கத்தில் போய் நின்றால் சிலாவத்துறை வெயிலிலும் முகத்தில் மெல்லிய தூறல் விழும்.

என் முதல் ஐஸ் பெக்டரியின் கூலிங் டவர் அது, மெஷினின் சூட்டைத் தண்ணீரால் ஆற்றுவது. பழையதுதான், ஆனாலும் ஊருக்கே வேடிக்கை. மீன் வெட்டும் பெண்கள் வேலை முடிந்ததும் அதனடியில் வந்து நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து ஊர் திரும்பி, வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு தொடங்கிய தொழில். அதுவரை ஐஸ் தூரத்திலிருந்து லொறியில் வரும். வந்து சேரும்போது பாதி ஐஸ், பாதி தண்ணீர்.

சுற்றாடல் கந்தோர் அதிகாரி மிஸ் தற்காலிக அனுமதிதான் தந்திருந்தார். வறண்ட ஊர், அதனால் இரண்டு நிபந்தனை. கிணற்றிலிருந்து மீட்டர் வைத்து அளவாகத்தான் எடுக்கவேண்டும். டவரில் தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மிஞ்சும் அல்லவா, அந்த உப்புத் தண்ணீரை அடிக்கடி வால்வைத் திறந்து சீமெந்துத் தொட்டியில் விடவேண்டும். நிலத்தில் ஒரு சொட்டும் விழக்கூடாது. பக்கத்து வளவில் ஸபியா ராத்தாவின் குடிதண்ணீர்க் கிணறு.

நான் கெட்டிக்காரன் அல்லவா... நிரந்தர அனுமதிக்கான கடைசிப் பரிசோதனைக்கு முன் இரண்டு கிழமை அந்த வால்வை இறுக்கிப் பூட்டிவிட்டேன். புதுத் தண்ணீர் அவ்வளவு தேவைப்படாது, மீட்டரும் குறைவாகக் காட்டும், தொட்டியும் காய்ந்து கிடக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைப்பு!

மிஸ் வந்தார். மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டவரின் கதவைத் திறந்தார்.

உள்ளே தகடெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புப் படை. தண்ணீர் இறங்கவே வழியில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் சூடேறித் தானாக நின்றது.

"நானா, நான் குறைச்சுக் காட்டச் சொல்லேல்ல. சரியாய்க் காட்டத்தான் சொன்னனான்."

நானா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாலும் குரலில் இளக்கம் இல்லை.

"ஒரு கிழமை தாறன். அதுக்குள்ள சரிவராட்டில் பூட்டுறதுதான்."

மீன்பிடியை நிறுத்திவைத்த சோளகக் காற்று ஓயும் நேரம் அது. படகுகள் எல்லாம் கடலில் இறங்கப்போகின்றன. பெக்டரியைப் பூட்டினால் ஊர் மறுபடி லொறியைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

தகடுகளைக் கழற்றி வெளியே அடுக்கினேன். ஸபியா ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வாளை மீனுக்கே செதிள் இல்ல தம்பி, உங்கட மெஷினுக்கு இருக்குதே!"

சிரித்துவிட்டு உள்ளே போனவர், மீன் சுரண்டும் கத்தியோடு திரும்பி வந்தார். பின்னால் அந்த மீன் வெட்டும் பெண்கள் எட்டுப் பத்துப் பேர். எல்லார் கையிலும் கத்தி.

"தள்ளுங்கோ தம்பி, உங்களுக்குச் சுரண்டத் தெரியாது. தகடு உடைஞ்சு போகும்."

மூன்று நாள்... மீனுக்குச் செதிள் எடுப்பதுபோலவே, வாலிலிருந்து தலைக்குச் சுரண்டுகிற அதே கைவாக்கு. உப்பு சீவல் சீவலாகப் பறந்தது. என் கெட்டித்தனத்தைப் பற்றி அவர்கள் அடித்த பகிடியை இங்கே எழுதமுடியாது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

மிஸ் மறுபடி வந்தார். திறந்திருந்த வால்வையும் நிறைந்த தொட்டியையும் பார்த்தார். ராத்தாவின் கிணற்றிலும் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துச் சோதித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

அன்று ஐஸை உடைத்து, ஒரு வாளி சர்பத் கலக்கி, மிஸ் உட்பட எல்லாரும் குடித்தோம்.

இப்போது என்னிடம் மூன்று டவர். வால்வு தானாகத் திறக்கும், தானாகப் பூட்டும். பழுதென்றால் கொழும்பிலிருந்து ஒருவர் வருவார். காதில் வயரோடு வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார். அன்றையதைவிடச் சுத்தமான வேலை, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால்... என்னை நிறுத்திவைத்துப் பகிடி பண்ண ஒருத்தரும் இல்லை. முதலாளி என்று கூப்பிடுகிறார்கள்.