மேனேஜருக்கு ஒரு தொட்டி

எந்த வீட்டு ஏசிப் பெட்டியைத் திறந்தாலும் ஏசிக்காரரின் கண் முதலில் தேடுவது செம்புக் குழாயைத்தான். செம்பு இருந்தால் நல்ல சரக்கு. அலுமினியம் என்றால் உதட்டைப் பிதுக்குவார். விலை கூடினாலும் செம்பாகப் பார்த்து வாங்குங்கள், செம்பு கைவிடாது என்பதுதான் வாடிக்கையாளர்களுக்கு அவர் சொல்லும் ஒரே உபதேசம்.

மனைவி இறந்த பிறகும் அவர் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார், ஏணியில் ஏறுவார், யாரோ ஒருவர் வீட்டுத் தூசியைக் கழுவிவிட்டு இறங்குவார். பேச்சுதான் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் தண்ணீர் ஒழுகும் ஏசியைப் பார்த்தால் இதற்கு ஜலதோஷம், மிளகு கஷாயம் கொடுத்தீர்களா என்று வீட்டுக்காரர்களைச் சிரிக்கவைப்பவர், இப்போது "சரியாயிடுச்சு" என்ற ஒரே சொல்லோடு வெளியே வந்துவிடுவார். வீட்டில் அவரும், அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கும் மகளும்தான். சமையலறையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு, பாத்திரச் சத்தத்தையே பேச்சாக வைத்து நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பல் டாக்டரிடமிருந்து அழைப்பு வந்தது. ஏசிக்காரரின் மனைவி வரவேற்பு மேசையில் வேலை பார்த்தது அந்த டாக்டரின் கிளினிக்கில்தான். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் சுவரோடு சுவராகப் பதித்த ஓர் உப்புநீர்த் தொட்டி உண்டு. டாக்டர் ஆசைப்பட்டு வைத்தது. ஆசை தீர்ந்ததும் மீன்களும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. மிஞ்சியது ஒரு கோமாளி மீனும், அது குடியிருந்த கடல்சாமந்தியும். சாமந்தி என்று பெயரே தவிர அது பூ இல்லை, உயிருள்ள பிராணி. விரல் விரலாகக் கைகளை நீட்டிக்கொண்டு பாறையில் ஒட்டி வாழும். அந்த இரண்டையும் யாரும் சொல்லாமலே அவள் கையில் எடுத்துக்கொண்டாள். தொட்டியைத் துடைக்கும்போதெல்லாம் அந்த மீன் அவள் விரலைக் கடிக்கும். கூடத்துக்குள் யார் வந்தாலும் கண்ணாடி ஓரம் வந்து மேலும் கீழும் பார்க்கும். அதனால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தாள். மேனேஜர் இன்றைக்கு ஒரு பையனைப் பார்த்த பார்வையில் அவன் பல்வலியையே மறந்துவிட்டான் என்று சாப்பிடும்போது சொல்வாள். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரிப்பார்.

கிளினிக் வேறு இடத்துக்குப் போகிறது, அந்தச் சுவரையே இடிக்கப் போகிறார்கள் என்றார் டாக்டர். உங்கள் மனைவி வளர்த்ததை உங்களிடம் கேட்காமல் வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். ஏசிக்காரர் யோசிக்கக்கூட இல்லை.

"நானே எடுத்துக்கறேன் டாக்டர்."

டாக்டர் தயங்கினார். உப்புநீர் வளர்ப்பு தங்கமீன் வளர்ப்பதைப் போல அல்ல, சூடு கூடினால் போயிற்று, உப்பு கூடினால் போயிற்று என்று எச்சரித்தார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மகளுக்கும் அதே பயம்.

"ஆழம் தெரியாம காலை விடாதீங்கப்பா."

"ஆழம் ஒன்றரை அடிதாம்மா," என்றார் அவர்.

அம்மா போனபின் அப்பா சொன்ன முதல் வேடிக்கை அதுதான் என்பதால் அவள் மேற்கொண்டு தடுக்கவில்லை.

கடையில் விற்கும் தொட்டிகளைப் போய்ப் பார்த்தார். ஒன்றுக்கு வடிகட்டி தனி, இன்னொன்றுக்கு ஹீட்டர் தனி. குளிர்விக்கும் யந்திரமோ தொட்டியைவிடப் பெரியது. அவர் வீட்டுக் கூடத்தில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மேசை போடத்தான் இடம் இருந்தது. எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும். அப்படியென்றால் தானே செய்வது என்று முடிவெடுத்தார். பிடித்தால் உடும்புப் பிடி என்று மனைவி அவரைப் பற்றிச் சொன்னது சும்மா இல்லை.

கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்துத் தகடுகளை வெட்டிவந்தார். விளிம்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிலிக்கான் பசையை ஒரே இழுப்பில் விட்டு ஒட்டினார். குமிழி விழுந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினார். தொட்டியின் பின்பக்கம் ஒரு கறுப்புத் தடுப்பு. அதற்குப் பின்னால் மூன்று அறைகள். முதல் அறையில் பஞ்சு, இரண்டாவதில் கல், மூன்றாவதில் தண்ணீரைத் திரும்ப முன்னே தள்ளும் சின்ன மோட்டார். முன்னால் நின்று பார்ப்பவருக்குக் கடல் மட்டும் தெரியும். கடலின் அடுப்படி தெரியாது.

நடு அறையில்தான் அவர் தன் கைவண்ணத்தைக் காட்டினார். யாரோ தூக்கிப்போட்ட சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றின் கம்பிரசரை எடுத்து மேசைக்கு அடியில் வைத்து, அதிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் சுருள் சுருளாக இறக்கினார். சுருளை முழங்காலில் வைத்து, ஓர் இடத்தில்கூட நெளியாமல் வளைத்திருந்தார். மகளே வியந்துபோய் அதைப் படம் பிடித்தாள். சுத்தமான செம்பு.

கடல் உப்பைக் கரைத்து அளவு பார்த்து ஊற்றினார். வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரம்மாவிடம் போய், ஏற்கெனவே ஊறிய பாறைத் துண்டுகளும் மணலும் வாங்கிவந்தார். பாறையில் நுண்ணுயிர்கள் குடியேறி, தண்ணீர் தெளிந்து பழகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். மேனேஜரை இறக்குவதற்கு முன் வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று இரண்டு இறால்களை விட்டார். மீசையை ஆட்டிக்கொண்டு பாறையில் ஏறிய அந்த இரண்டும் மறுநாள் காலையில் மணலில் மல்லாந்து கிடந்தன.

சூட்டை அளந்தார், சரி. உப்பை அளந்தார், சரி. மீண்டும் இரண்டு வாங்கிவந்து விட்டார். அவையும் பிழைக்கவில்லை. அவருக்குக் கோபம் கடைக்காரம்மாவின் மேல்தான் வந்தது. நேரே போய், நோய் பிடித்த இறாலைத் தன் தலையில் கட்டிவிட்டதாகச் சொன்னார். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. வலையில் ஒரு மீனைப் பிடித்து இன்னொருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, தொட்டியின் படம் இருக்கிறதா என்று கேட்டாள். மகள் எடுத்த படத்தை அவர் காட்டினார். அந்த அம்மாள் அதை விரலால் பெரிதாக்கினாள்.

"பின்னாடி சுருள் சுருளா இருக்கே, அது என்ன சார்?"

"கூலிங் காயில்மா. நானே வளைச்சது. சுத்தமான செம்பு."

"அதான் கொன்னுடுச்சு."

அவருக்கு விளங்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். உப்புத் தண்ணீரில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மீன் கொஞ்சநாள் தாக்குப்பிடிக்கலாம். இறால் தாங்காது, கடல்சாமந்தி தாங்கவே தாங்காது. இனி குழாயை மட்டும் எடுத்தாலும் பயனில்லை. பாறையும் மணலும் ஒட்டிய பசையும்கூட அதைக் குடித்திருக்கும்.

ஏசிக்காரர் கடையின் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மேனேஜரைக் கொண்டுவந்து இறக்குவதாகத்தான் இருந்தார். மனைவி விட்டுப்போன உயிரைத் தன் கையாலேயே, அதுவும் தனக்குத் தெரிந்த ஒரே நல்ல பொருளால் கொல்லப் பார்த்திருக்கிறோமே.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோங்க சார்," என்றாள் அந்த அம்மாள். தன்னிடம் பெரிய தொட்டி இருக்கிறது, இரண்டையும் இங்கேயே விட்டுவிடுங்கள், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னாள். நியாயமான பேச்சு. கிளினிக் சுவரை இடிக்க ஆட்கள் அந்த வாரமே வருகிறார்கள். வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

"பார்த்துட்டுப் போறதுக்கு இல்லம்மா," என்றார் அவர். "காலையில எழுந்தா அதுக்கு நான் ஏதாவது செய்யணும். அவ செஞ்ச மாதிரி."

கடைக்காரம்மா வற்புறுத்தவில்லை. தொட்டி தயாராகும்வரை வைத்துக்கொள்ள வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் காட்டி, இதில் உலோகம் எதுவும் இல்லை, காற்றுக் குழாய் மட்டும் போடுங்கள் என்றாள்.

கிளினிக்கில் மேசை நாற்காலிகளை ஏற்கெனவே தூக்கிவிட்டிருந்தார்கள். கடல்சாமந்தி பாறையை இறுகப் பிடித்திருந்தது, பிடுங்கினால் கிழிந்துவிடும். பாறையோடு தூக்கினார். டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு வாளியைப் பிடித்தார். மேனேஜர் ஓடி ஒளியவில்லை. வலையோடு வந்த கையைத் துரத்தித் துரத்திக் கடித்தது. பட்டாணி அளவு வாய், கொசுக்கடிக்குக்கூடக் காணாது. ஆனாலும் அவர் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார்.

சூட்டுக்கு இங்கே என்ன ஏற்பாடு என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் மேலே காட்டினார். தொட்டியின் மூடிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகல மின்விசிறி ஒன்று தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதை அவர் பார்த்திருக்கிறார். அங்கே ஏசி கழுவ வந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறார். மேசையில் மனைவிக்குப் புழுக்கமாக இருக்கும், அதற்காக வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

"வந்ததும் முதல் வேலையா ஒரு ஜக் நல்ல தண்ணி ஊத்துவாங்க," என்றார் டாக்டர். "காத்துல தண்ணிதான் போகும், உப்பு அப்படியே நிக்கும், அதனால உப்பில்லாத தண்ணிதான் ஊத்தணும்னு எனக்கே பாடம் எடுப்பாங்க."

காற்று பட்டால் தண்ணீர் ஆவியாகும், ஆவியானால் குளிரும். அவர் சோறு தின்கிற தொழிலே அதுதான். கம்பிரசரும் இல்லாமல் செம்பும் இல்லாமல் அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், இதைப் போய் எனக்குச் சொல்ல வந்துவிட்டாயா என்று அவர்தான் கிண்டல் செய்திருப்பார்.

வெள்ளைப் பெட்டி கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரமெல்லாம் ஏசிக்காரர் பழைய தொட்டியைப் பிரித்தார். சவர பிளேடால் பசையை இழை இழையாக அறுத்து, கண்ணாடிகளைத் தனித்தனியாக்கி, வினிகர் ஊற்றிக் கழுவினார். மணலையும் பாறையையும் மூட்டை கட்டி வெளியே போட்டார். செம்புச் சுருளை மட்டும் எங்கே போடுவது என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதுவும் மூட்டைக்குள் போயிற்று. மகள் லீவு போட்டுவிட்டு வந்து கண்ணாடிகளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பசை இழுக்கும்போது மூச்சு விடாதே என்று அவர் சொல்ல, மூச்சு விட்டால் நானும் மல்லாந்துவிடுவேனா என்று அவள் கேட்டாள். இருவரும் பிசகாமல் ஒட்டி முடித்தார்கள்.

இந்த முறை நடு அறையில் கல் மட்டும்தான். மேலே மின்விசிறி. மணலும் பாறையும் புதிது. பசை நன்றாகக் காய்ந்து, ஒழுகல் பார்த்து, உப்பு பார்த்து, இறால் விட்டு, அவை தோலுரித்து வளர்வதையும் பார்த்த பிறகுதான் கடல்சாமந்தியைப் பாறையோடு தொட்டியின் நட்டநடுவில் வைத்தார். மேனேஜரையும் விட்டார்.

அன்று மாலையே கடல்சாமந்தி சுருங்கி, நனைந்த கந்தல் போலத் தொங்கியது. மேனேஜர் தீனியை வாயில் வாங்கித் துப்பியது. அடுத்த நாள் பார்த்தால் நடுவில் கடல்சாமந்தியைக் காணோம். பாறையை விட்டு இறங்கி, நத்தையைப் போலக் கண்ணாடியோரம் ஊர்ந்துகொண்டிருந்தது. மகள் பதறிப்போய்க் கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டாள். இடம் தேடி நடக்கிறது, பிடித்த இடம் கிடைத்தால் நிற்கும், தொடாதீர்கள் என்று பதில் வந்தது. ஏசிக்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எதையும் கழற்றி மாட்டாமல் சும்மா இருப்பது அவருக்கு ஏணியில் ஒற்றைக் காலில் நிற்பதைவிடக் கஷ்டம். ஆனாலும் நின்றார். உப்பு பார்த்தார், சூடு பார்த்தார், தண்ணீர் ஊற்றினார், தொடவில்லை.

நடந்து நடந்து அது கடைசியில் இடப்பக்க மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. அலமாரி மறைக்கும் மூலை. எங்கே உட்கார்ந்தாலும் தெரியாது. மகள் டார்ச் அடித்து, கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கடல்சாமந்தி கைகளை முழுசாக விரித்திருந்தது. மேனேஜர் அதற்குள் புகுந்து புரண்டுகொண்டிருந்தது. அவள் போட்ட தீனியை வந்து விழுங்கிவிட்டு, இன்னும் எங்கே என்பது போலத் திரும்பிப் பார்த்தது.

"பாறையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாமாப்பா? இங்க இருந்தா யாருக்குமே தெரியாதே."

"அது நகராது. நாமதான் நகரணும்."

அவர் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தார். உள்ளே மனைவியின் துணிகள் மடித்தது மடித்தபடி இருந்தன. அவள் போனபின் இருவருமே அந்தக் கதவைத் திறந்ததில்லை. மகள் வந்து கை நீட்டினாள். அடுக்கடுக்காக எடுத்துக் கட்டிலில் வைத்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து, அலமாரியை இழுத்துக்கொண்டுபோய் வாசல் கதவருகே நிறுத்தினார்கள். வாசல் கதவு பாதிதான் திறந்தது.

மகள் திறந்து மூடிப் பார்த்தாள். வருகிறவர்கள் எப்படி உள்ளே வருவார்கள் என்று கேட்டாள்.

ஏசிக்காரர் நாற்காலியை எடுத்துப்போய் அந்த மூலைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"ஒருக்களிச்சு வரட்டும்," என்றார்.