டம்ளருக்கு அடியில் இருந்த சீட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்தது. வேங்கிக்காலில் ஒரு கூரியர் கடையில் பார்சல்களை வாங்கிப் பதிவு செய்கிறேன். அனுப்புநர், பெறுநர், பின்கோடு தவிர இத்தனை வருடங்களில் சேர்ந்தாற்போல் பத்து வரி எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. கடைக்கு வருகிறவர்களிடம்கூட தலையைக் குனிந்துகொண்டுதான் "இதுமேல வைங்க" என்பேன். எனக்கு எதற்கு இந்த வேலை என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் தினமும் சில பார்சல்கள்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அதில் 'ஃப்ரஜைல்' என்று இருக்கும். ஒட்டும்போதெல்லாம் செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறை ஞாபகத்துக்கு வருகிறது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

அப்போது நான் அரசு பெண்கள் பள்ளியில் பத்தாவது படித்தேன். காலாண்டுப் பரீட்சையில் இங்கிலீஷில் ஃபெயில். எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கு வேர்டு மீனிங் மனப்பாடம் செய்வது பிடிக்காது. "தெரியாத வார்த்தை வந்தா பேயறைஞ்ச மாதிரி நிக்காதீங்கடி. அதுக்கு அக்கம்பக்கத்துல குடியிருக்கிற வார்த்தைங்கள விசாரிங்க. அது யாரு, என்ன பண்ணுதுன்னு அதுங்களே சொல்லிடும்" என்பார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அக்கம்பக்கத்துலயும் யாரையும் தெரியலன்னா, டீச்சர்?" என்று கேட்டாள்.

"அப்ப நீ ஊருக்கே புதுசு. போயி ஆறாவது புஸ்தகத்துலருந்து படிச்சிட்டு வா."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஊருக்குப் புதுசு நான்தான் என்று எனக்குத் தெரியும்.

அம்மா அந்த மாடி அறையில் பெருக்கித் துடைத்து, துணி துவைத்துக் கொடுக்கிற வேலை செய்தாள். ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு மாதக்கணக்கில் விடுகிற அறை அது. கீழே வீட்டுக்காரம்மா குடியிருந்தார். அந்த வருடம் மாடிக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். அவர் மௌனத்தில் இருந்தார். எங்கள் ஊரில் இது புதிதில்லை. காபி கடையில்கூட கழுத்தில் 'மௌனம்' என்று அட்டை தொங்கவிட்டுக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

வேலை சொல்வதற்கு அவர் சீட்டு எழுதி, ஜன்னல் திட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு சாயந்திரம் மலைப்பக்கம் நடக்கப் போய்விடுவார். அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன்.

"இன்னாடி எழுதியிருக்குது?"

நான் படிப்பேன். எப்படி என்றால், தெரிந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்ப்பேன். சீட்டில் 'பக்கெட்' என்று இருக்கும். பக்கத்தில் தெரியாத ஒரு வார்த்தை இருக்கும். போய் வாளியைப் பார்த்தால் அடியில் ஈரம் கசிந்திருக்கும். ஆக அந்த வார்த்தை லீக். குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது ட்ரிப். அது சொட்டிக்கொண்டே இருந்தது. மழைக்கு ஊதிப்போன ஜன்னல் திறக்க வராமல் இருந்ததால் ஸ்டிஃப் தெரிந்தது. சோக் என்றால் துணியை ஊறவைப்பது, ஸ்டெயின் என்றால் விரிப்பில் இருந்த மஞ்சள் கறை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தேன். தமிழ் அர்த்தம் எழுதவில்லை. லீக் என்று எழுதி 'பச்சை வாளி' என்று போட்டேன். ஸ்டிஃபுக்கு 'கிழக்கு ஜன்னல்'.

அரையாண்டில் பாஸ் செய்தேன். அம்மா கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம், "என் பொண்ணு இங்கிலீஷ் சீட்ட அப்டியே தமிழ் மாதிரி படிக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்காரம்மா, "பாத்து, கலெக்டராயிடப் போறா. அப்புறம் எனக்கு யாரு வாசல் தெளிக்கிறது?" என்றாராம். அதை அம்மா பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பெரிய குரல். தெருக்குழாயில் பேசினால் தெருக்கோடியில் கேட்கும். ஆனால் வெள்ளைக்காரம்மா அறையில் இருந்தால் அம்மாவும் பேசமாட்டாள். மௌனத்தில் இருப்பவர் எதிரில் பேசினால் அவர் விரதத்தை நாம் கெடுத்த பாவம் என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சோப்புத்தூள் கம்மியாக இருந்தால் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டுவாள். நாளைக்கு வரமாட்டேன், அமாவாசை என்பதைச் சொல்ல அவள் கையாலும் கண்ணாலும் பட்ட பாடு கொஞ்சமில்லை. வானத்தைக் காட்டி, கண்ணை மூடி, தலைக்குக் குளிப்பது போல் செய்து காட்டினாள். வெள்ளைக்காரம்மா தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டைத் தாண்டியதும் அடைத்து வைத்த பேச்செல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். வீடு வரைக்கும் நிற்காது.

மாசியோ பங்குனியோ, ஒரு பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் மத்தியானத்திலேயே வர ஆரம்பித்திருந்தது. பொழுது சாய்ந்தால் செங்கம் ரோட்டில் பஸ் விடமாட்டார்கள், கூட்டத்துக்கு எதிராக நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா அவசரப்படுத்தினாள். அன்றைய சீட்டு வழக்கத்தைவிட நீளம். பாக்ஸ் தெரிந்தது, டோர் தெரிந்தது, ட்ரை தெரிந்தது. அதன் பிறகு இரண்டு வரி இருந்தது. அதில் 'ஃப்ரஜைல்' என்று ஒன்று.

வழக்கம்போல் அறையைப் பார்த்தேன். கதவோரம் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தால் பழைய நியூஸ்பேப்பர், தாளுக்குத் தாள் நடுவே காய்ந்த இலைகள்.

"இன்னாடி, சீக்கிரம் சொல்லு."

"அந்தப் பெட்டிய எடுத்துப் போட்டுடச் சொல்றாங்கம்மா. காஞ்ச குப்பை."

அம்மா அதைத் தூக்கிப் போய் தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைக்காரம்மா அன்று கீழே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைத் தாண்டிப் போகும்போது பெட்டியைக் காட்டித் தலையை ஆட்டினாள். அவரும் சிரித்துத் தலையை ஆட்டினார். தூசி தட்டத்தான் பெட்டியை வெளியே எடுத்துப் போகிறாள் என்று நினைத்திருப்பார். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சாயந்திரம் நான் போனபோது மாடியில் வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது. கிரிவலப் பாதையில் இருக்கிற ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரு இலை எடுத்து, தாளில் அழுத்தி, மரத்தின் பெயரை எழுதி, அந்தம்மா மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தாராம். காலையில் நடக்கப் போனபோது தொட்டியோரம் இரண்டு ஆடுகள் பெட்டிக்குள் தலையை விட்டிருந்ததைப் பார்த்தாராம். பாதிதான் மிஞ்சியது. அதைக் கட்டில்மேல் பரப்பி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. வீட்டுக்காரம்மாதான் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"படிக்காத ஜனத்த உள்ள விட்டா இதான். வாயத் தொறந்து சொல்லேன், எதுக்கு எடுத்துப் போட்ட? வாய்ல இன்னா கொழுக்கட்டையா? நாளையிலருந்து வராத. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அம்மா முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரம்மாவைக் கையால் காட்டினாள். அவர் எதிரில் பேசக் கூடாது என்கிறாள். வீட்டுக்காரம்மாவுக்கு அது திமிராகத் தெரிந்தது. "கை காட்றா பாரு" என்றார்.

அந்த வேலை போனால் எங்களுக்குச் சிரமம். அதைவிட, அம்மா என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நின்றதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் நான் பாதி வரியில் உட்கார்ந்துவிடுவேன். அன்று நானாகவே கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மேடம், மை மதர் நோ மிஸ்டேக். ஐ ரீட் த பேப்பர். ஐ நாட் ரீட் ஃபுல்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முதன்முதலாக இன்னொரு மனுஷியிடம் பேசிய இங்கிலீஷ் அதுதான். தப்பும் தவறுமாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது அவ்வளவுதான் இருந்தது.

வெள்ளைக்காரம்மா எழுந்து போய், நேற்றைய சீட்டைத் தேடி எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். முழுதாகப் படித்தேன். கதவோரம் இருக்கும் பெட்டியை மேல் அலமாரியில், ஈரம் படாமல் வைக்கவும். உள்ளே இருப்பவை ஃப்ரஜைல். கட்டிலில் ஒரு அரசிலை, தொட்டால் உடைந்துவிடும் போல நரம்பு நரம்பாகக் கிடந்தது. டீச்சர் விசாரிக்கச் சொன்னது அந்த வார்த்தையின் அக்கம்பக்கத்தைத்தான். நான் அறையின் அக்கம்பக்கத்தை விசாரித்திருக்கிறேன். அதுவரை அறை என்னை ஏமாற்றியதில்லை. அதனால் சீட்டின் கடைசி வரி வரைக்கும் போகிற பழக்கமே எனக்கு வரவில்லை.

அவர் புதுச் சீட்டு ஒன்று எழுதினார். நிறைய நேரம் எழுதினார். அம்மா என் முகத்தையே பார்த்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாகப் போனேன். இரண்டு வார்த்தைகள் தெரியவில்லை. விரலால் தொட்டுக் காட்டி, "திஸ்?" என்று கேட்டேன். அவர் நடித்துக் காட்டினார், அம்மா அமாவாசைக்குச் செய்தது போலவே. அதன் பிறகு சத்தமாகத் தமிழில் சொன்னேன்.

"பேசாம இருக்கிறது நான் மட்டும்தான். நீங்க பேசலாம். நீங்க கேட்டுக்கு வெளிய பேசிட்டுப் போறத தினமும் ஜன்னல்ல நின்னு கேக்கறேன். நாளைக்கும் நாலரை மணிக்கு வாங்க."

வீட்டுக்காரம்மா, "அது சரி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். "நான்தான் படிச்சேன்னு ஏம்மா சொல்லல?"

"அந்தம்மா எதிர்ல எப்டிடி பேசறது?"

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "வீட்டுக்காரம்மா கிட்ட உன்னப் பத்தி ஜாஸ்தியா சொல்லி வெச்சிட்டேன். அதே வாயால எப்டி சொல்லுவேன்" என்றாள்.

அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்த ரஃப் நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. அதன் கடைசிப் பக்கத்தில் அன்று ராத்திரி ஃப்ரஜைல் என்று எழுதினேன். பக்கத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் நாலரை மணிக்குப் போனோம். பெட்டியை மேல் அலமாரியில் வைத்தோம். டம்ளருக்கு அடியில் சீட்டு இருந்தது. பினாயில் தீர்ந்துவிட்டதாம். கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.