தோட்டாக் கூடுகளைக் கழுவ ஓர் இயந்திரம்

என் கணவர் ராவாங் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். வீட்டில் எந்த வேலை வந்தாலும் அதற்கு ஒரு மோட்டார் பூட்டலாமா என்றுதான் முதலில் யோசிப்பார். நான் புளியை நம்புகிறவள். பித்தளை என்றால் புளி, கொஞ்சம் உப்பு, கைவலி, அவ்வளவுதான். ஆகவே முனியாண்டி கோயிலின் தோட்டாக் கூடுகள் ஒரு வாளி நிறைய எங்கள் புக்கிட் பெருந்துங் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, சண்டைக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

கூடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோல சிலாங்கூர் பக்கம் நாங்கள் பிறந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். துப்பாக்கி லைசன்ஸ் உள்ளவர் பன்றி சுட்டால், வெடித்த தோட்டாவின் வெறும் கூட்டில் ஓட்டை போட்டு, முனியாண்டியின் சூலத்துக்குப் பக்கத்தில் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவது வழக்கம். அப்போது வந்தவை முழுப் பித்தளைத் தோட்டாக்கள். பின்னால் வந்த பிளாஸ்டிக் தோட்டாக்களை முனியாண்டி ஏற்றுக்கொள்வதில்லை. அதாவது, நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. காற்றடித்தால் கூடுகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று ஒலிக்கும்.

கடைசியாக லைசன்ஸ் வைத்திருந்தவர் என் அண்ணன். சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோனது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். இன்னொருவர் கையைப் பிடித்து நடப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் தனியாக நடந்து போகிற ஒரே இடம் அந்தக் கோயில். திருவிழாவுக்கு எங்களை ஏற்றிவரும் வேன் நிற்கும் இடத்திலிருந்து கூடுகள் ஒலிக்கும் திசையைப் பார்த்து நடந்தால் நேராக முனியாண்டி முன்னால் போய் நிற்கலாம். போன திருவிழாவில் அந்த ஒலி கேட்கவில்லை. நல்ல காற்றுதான். ஆனாலும் கேட்கவில்லை. அண்ணன் பாதை விலகிப் பொங்கல் அடுப்புகளுக்கு நடுவே போய்விட்டார். ஒரு பெண் அலற, யாரோ அவரை இழுத்துப் பிடித்தார்கள். வேனில் ஏறி உட்கார்ந்தவர், "இனிமே நான் வரல," என்றார். அண்ணி எவ்வளவோ கெஞ்சியும் அந்தப் பேச்சு மாறவில்லை.

அன்று மாலை நான் கூடுகளை எடுத்துப் பார்த்தேன். திருவிழாவுக்குத் திருவிழா சந்தனம், குங்குமம், எண்ணெய், திருநீறு. பக்தியில் நாங்கள் குறை வைக்கிறவர்கள் இல்லை. போதாததற்கு உள்ளே குளவி வேறு மண்கூடு கட்டியிருந்தது. தட்டினால் கொட்டாங்கச்சி மாதிரி 'டொக்' என்றது. சாமிக்குப் பூசிப் பூசி நாங்களே சாமியின் வாயை அடைத்திருந்தோம்.

கோயில் தலைவர் காவல் நிலையத்தில் காட்டி, வெறும் கூடுதான், கழுவலாம் என்று உறுதி செய்துகொண்ட பிறகு வாளி எங்களிடம் வந்தது. கணவர் காணொளி பார்க்க உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் இதற்கென்றே விதவிதமாக இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். குலுக்கும் தொட்டி ஒன்று. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி கழுவுவார்களே, அந்த மாதிரிப் பெட்டி ஒன்று. மெதுவாகச் சுழலும் டிரம் ஒன்று. பெட்டி சிறியது, ஒரு கை அளவுதான் பிடிக்கும். தொட்டி போடும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்காது. டிரம் வாங்கினார்.

டிரம்முக்குள் கூடுகளோடு சேர்த்து எதைப் போட்டு உருட்டுவது? வெளிநாட்டில் சோளத் தக்கையைப் பொடித்துப் போடுகிறார்களாம். இவர் தஞ்சோங் காராங் நெல் ஆலைக்குப் போய் ஒரு மூட்டை உமி கொண்டுவந்தார். பெருமை தாங்கவில்லை.

"நம்ம ஊரு சரக்குலா. உன் புளியெல்லாம் இனிமே ரசத்துக்குத்தான்."

அந்தத் தூசியில் வெடிமருந்தின் ஈயம் இருக்கும் என்று வீட்டுக்கு வெளியே வைத்து, முகமூடி கட்டிக்கொண்டு ஓட்டினார். காலையில் போட்டது மாலைவரை சுற்றியது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றும் தங்கமாக மின்னியது. படமெடுத்து உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனோம். கணவர் இரண்டு கூடுகளை அவர் கையில் வைத்தார். அண்ணன் விளிம்பைத் தடவிவிட்டு ஒன்றை இன்னொன்றால் தட்டினார். டொக்.

"பளபளன்னு இருக்கா மச்சான்?"

"கண்ணாடி மாதிரி இருக்கு."

"யாருக்குலா?"

திரும்பி வரும்போது காரில் எனக்குக் கணவர்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். உமியா புளியா என்று அடித்துக்கொண்டோமே தவிர, பார்வை இல்லாதவருக்கு மினுக்கு எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பழைய பிசுக்கு உள்ளே அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு உமியும் போய் இறுகியிருந்தது.

மறுபடி காணொளி. இந்த முறை உட்புறம் கழுவுவது எப்படி என்று தேடினார். ஊசிபோலச் சின்னச் சின்ன எஃகுக் கம்பித் துண்டுகளைத் தண்ணீரோடு போட்டு உருட்ட வேண்டுமாம், தூசியும் பறக்காது. கூடுகளை ஊறவைத்து, குச்சியால் உமியைத் தோண்டி எடுத்தோம். அவர் கம்பித் துண்டுகளைப் போட்டார். சோப்பு ஊற்றப் போனவரைத் தள்ளிவிட்டு நான் புளிக்கரைசலை ஊற்றினேன். தண்ணீர் சாக்கடையாகக் கறுத்தது. தெளியும் வரை மாற்றி மாற்றி ஓட்டினோம். காய்ந்த பிறகு பார்த்தால் கூடுகள் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் இரண்டை எடுத்துத் தட்டினேன். கிணிங். அடுப்பில் குழம்பு இருப்பதை மறந்து தட்டிக்கொண்டே இருந்தேன்.

கைப்பேசியில் அண்ணனைக் கூப்பிட்டு அதைக் கேட்கவைத்தேன். இன்னொரு முறை தட்டச் சொன்னார். பிறகு, "வேன் எத்தன மணிக்கு?" என்றார்.

திருவிழா அன்று ஒரு பொட்டுக் காற்று இல்லை. செம்பனை மட்டைகளும், மறுபடி கோத்துத் தொங்கவிட்ட கூடுகளும் அசையாமல் நின்றன. அண்ணன் வேனிலிருந்து இறங்கித் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். கிட்டப் போக எங்களுக்குத் துணிவில்லை. எல்லாவற்றுக்கும் இயந்திரம் தேடிய நாங்கள் காற்றைப் பற்றி நினைக்கவே இல்லை.

அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல அவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். கம்பியைப் பிடித்து ஆட்டினார். கூடுகள் ஒலித்தன. அண்ணன் நிமிர்ந்தார், நடந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். அண்ணி பயந்துபோய்க் கையை எடுக்க, ஒலியும் நின்றது.

"காத்து இல்லன்னு எனக்குத் தெரியும்லா," என்றார் அண்ணன். "நிப்பாட்டாம ஆட்டு. வரேன்."