ஹெப்ரான் மாட்டிய காற்றுப்பெட்டி

பாளையங்கோட்டையில் ஹெப்ரானைத் தெரியாதவர்களுக்குக்கூட அவர் கனடாவிலிருந்து வந்தவர் என்பது தெரிந்திருந்தது. எப்படியும் அவரே சொல்லியிருப்பார். வின்னிப்பெக்கில் வீடு வீடாகப் போய் ஃபர்னஸ் மாட்டுவது அவர் வேலை. அங்கே குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. நிலவறையில் இருக்கும் ஃபர்னஸ்தான் தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் சூடான காற்றை அனுப்பும். பூட்டிய வீட்டில் மூச்சு முட்டாமலிருக்க, அந்தக் குழாயோடு ஒரு காற்றுப்பெட்டியை இணைப்பார்கள். அது பழைய காற்றை வெளியே தள்ளிப் புதுக்காற்றை உள்ளே இழுக்கும். போகிற காற்றின் சூட்டை வருகிற காற்று வாங்கிக்கொள்ளும், இரண்டும் கலக்காது.

ஊர் திரும்பி வீடு கட்டியபோது அப்படி ஒரு பெட்டியைக் கப்பலில் வரவழைத்தார். நம்மூரில் ஃபர்னஸுக்கு எங்கே போவது என்று மனைவி லில்லி கேட்டாள். கூரையடியில் ஓடும் ஏசிக் காற்றுக் குழாயோடு சேர்த்துவிடலாம், வெயில் காலத்தில் அது சூட்டுக்குப் பதில் குளிர்ச்சியைக் காப்பாற்றித் தரும் என்றார். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்த சமயம். ஜன்னலைத் திறந்தால் புழுதி. கணக்கு டீச்சரான லில்லிக்கு வாதாட நேரமில்லை. பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

பெட்டியை அவரே மாட்டினார். யாரையும் தொடவிடவில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குப்புறப் படுத்து ஊர்ந்து, குழாயில் துளை வெட்டி, வேர்வையில் ஊறி இறங்கினார். பிறகு ஜன்னல்களை எல்லாம் சாத்தி, இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினார்.

அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார். இழுத்த எல்லாரும் வித்தியாசம் தெரிகிறது என்றார்கள். திருச்சபையின் ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சுத்தமான காற்றைப் பற்றி நீளமாகப் பேசினார். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுச் சங்கரசுப்பிரமணியன் அதே பேச்சைக் காம்பவுண்டுச் சுவர் வழியாகத் தினமும் கேட்டார். கேட்டுக் கேட்டு, தமக்கும் ஒன்று வரவழைக்கச் சொல்லிவிட்டார். அங்கேயும் குழாய் ஏசிதான். ஹெப்ரான் அங்கேயும் ஊர்ந்தார்.

சிக்கல் கருவாட்டில் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை லில்லி நெத்திலிக் கருவாடு வறுத்தாள். மறுநாள் கோயிலுக்குக் கட்டிய புடவையில் அந்த வாடை. செவ்வாய்க்கிழமையும் கூடத்தில் அதே வாடை. ஹெப்ரான் அவள் மூக்கைக் குறை சொன்னார். காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது என்றாள்; பரீட்சைத் தாள் திருத்துவதால் என்றார். அவருக்கும் வலித்தது. அதற்கு அவர் காரணம் தேடவில்லை.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஒரு கொசுவர்த்தியைப் பற்றவைத்துக்கொண்டு வெளிச்சுவருக்குப் போனார். காற்றை இழுக்கும் வாயில் புகையைக் காட்டினார். பெட்டி ஆசையாக உறிஞ்சியது. கூடத்திலிருந்த லில்லி ஒரு வாடையும் வரவில்லை என்றாள். சுவரின் மறுகோடியில், பழைய காற்றைத் தள்ளும் வாயிலிருந்து அத்தனை புகையும் நிதானமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

அவருக்குப் புரிய நேரமாகவில்லை, நம்பத்தான் நேரமாயிற்று. அறைக்காற்று ஏசிக்குத் திரும்பும் குழாயில், பழைய காற்றை எடுக்கும் துளை முதலிலும், புதுக்காற்றை விடும் துளை அதைத் தாண்டி ஏசிக்கு அருகிலும் இருக்க வேண்டும். வின்னிப்பெக்கில் அவர் எப்போதும் கீழே நின்று குழாயை அண்ணாந்து பார்த்தவர். இங்கே மேலேயிருந்து குனிந்து பார்த்தார். இடது வலதாகிவிட்டது; கை பழக்கதோஷத்தில் மாற்றி வெட்டிவிட்டது. உள்ளே வந்த புதுக்காற்று வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் அடுத்த துளை வழியே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

லில்லி வெளியே வந்து புகையைப் பார்த்தாள்.

"அப்பம் இத்தன மாசமா தெருக் காத்த வாங்கி தெருவுக்கே குடுத்திருக்கோம். குளிர வச்சாவது குடுத்தோமா?"

ஹெப்ரான் யோசித்தார். "அதுவும் இல்ல" என்றார்.

இனி சங்கரசுப்பிரமணியனிடம் சொல்ல வேண்டும். மின்சாரத்தின் மேல் பழி போடலாமா, கொத்தனார் மேல் போடலாமா என்று வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்து பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. காம்பவுண்டுச் சுவரோரம் போய் நின்றார்.

"அண்ணாச்சி, நான் துளைய மாத்தி வெட்டிட்டேன். உங்க வீட்டுலயும் அதே கததான்."

சங்கரசுப்பிரமணியன் பேப்பரை மடித்து வைத்தார்.

"மொத வாரமே பெட்டிய அமத்திட்டேன் வே. தலமாட்டுல லாரி நிக்கித மாரி இருந்துச்சு. சன்னலத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்குதேன்."

பிறகு ஏன் இத்தனை நாள் நன்றாயிருக்கிறது என்றீர்கள் என்று ஹெப்ரான் கேட்டார்.

"மூச்ச இழுக்கச் சொல்லிட்டு நீரு மொகத்தையே பாத்துக்கிட்டு நிப்பீரு. நல்லாயில்லன்னு எப்படிச் சொல்லுதது?"

ஹெப்ரானுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு சபை ஐயரிலிருந்து கேஸ் சிலிண்டர்காரர் வரை ஒவ்வொருவராகக் கூடத்தின் நடுவில் நின்று, மார்பை விரித்து, அவருக்காகக் கருவாட்டு வாடையை இழுத்தது நினைவுக்கு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்த வார இறுதியில் மறுபடி மேலே ஏறினார். லில்லி ஏணியின் பாதி வரை வந்து நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று அவர் வாயால் சொல்லவைத்த பிறகே வெட்ட விட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொன்னார். முதல் தடவை தப்பாகச் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பெட்டியையும் திருத்தி, சத்தம் குறைய அடியில் ரப்பர் வைத்துக் கொடுத்தார். அண்ணாச்சி இப்போது அதைப் பகலில் போடுகிறார். ராத்திரிக்கு ஜன்னல்தான். ஹெப்ரான் அதைப் பற்றி ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை.